ஜாமீன் என்பது பணமா, சொல்லா?

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு நேரும் இடர்களுள், வீட்டில் ஒருவரைப் போலீஸார் கைது செய்து அழைத்துச் செல்வதைப் போல நிலைகுலையச் செய்வது வேறொன்றில்லை. நோய் வந்தால் சயான் மருத்துவமனை இருக்கிறது. வேலை போனால் உறவினர் ஒருவருடைய பட்டறையில் சில நாள் ஒதுங்கிக்கொள்ளலாம். கைது என்னும் சொல் காதில் விழுந்தாலோ, எங்கே ஓடுவது, யாரைக் கேட்பது, எவ்வளவு பணம் புரட்டுவது என்று அறியாமல் வீடு முழுவதும் கலங்கி நிற்கிறது. அந்தக் கலக்கத்தில்தான் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. கோர்ட்டு வாசலில் நிற்கும் முன்பின் அறியாத மனிதர் ஆபத்பாந்தவராகத் தோன்றுகிறார்.

ஜாமீன் முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இதனை எழுதுகிறோம். குற்றவாளிக்குத் தப்பும் வழி காட்டுவது நம் கருத்தன்று. ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை விசாரணையின் முடிவில் நீதிமன்றம் சொல்லும். அந்த முடிவு வரும் வரையில் அவர் சிறையில் கிடக்க வேண்டுமா, வீட்டில் இருந்து உழைத்துக்கொண்டு வழக்கை நடத்தலாமா என்பதே ஜாமீனைப் பற்றிய கேள்வி. 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் குற்றவாளி என்று தீர்க்கப்படாமலே உள்ளே இருந்தனர் என்றால், இக்கேள்வி எத்துணைக் குடும்பங்களைத் தொடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

சொல்லின் பொருள்

ஜாமீன் என்னும் சொல் அரபு மொழியில் தோன்றி இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. மராத்தியிலும் இதே சொல்தான். பொறுப்பேற்று நிற்பவரை அவர்கள் 'ஜாமீன்தார்' என்பர். தமிழில் அழகாகப் 'பிணை' என்கிறோம். பிணைத்தல் என்றால் ஒன்றோடு ஒன்றைக் கட்டுதல். விடுதலை பெறுபவர், அவருக்காக நிற்பவர், நீதிமன்றம் ஆகிய மூவரையும் ஒரு வாக்குறுதி கட்டுகிறது. 'கூப்பிட்ட நாளில் வருவேன்' என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். 'அவர் வருவார், வராவிடில் இத்தனை ரூபாய்க்கு நான் பொறுப்பு' என்று மற்றொருவர் எழுதிக் கொடுக்கிறார்.

ஆகவே, 'இருபதாயிரம் ரூபாய் ஜாமீன்' என்று நீதிபதி சொன்னால், இருபதாயிரத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும் என்று பொருளில்லை. சொன்ன சொல் தவறினால் மட்டும் கொடுக்க வேண்டிய தொகை அது. ஜாமீனுக்குக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. ரொக்கமாகக் கட்டும்படி உத்தரவானாலும், அதற்கு நீதிமன்றத்தின் ரசீது உண்டு; நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் வழக்கு முடிந்தபின் அத்தொகை திரும்பக் கிடைக்கும். அந்த ரசீதைப் பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

ஆங்கிலத் திரைப்படங்களைப் பார்க்கும் நம் இளைஞர்கள் வேறொரு முறையை மனத்தில் வைத்திருப்பர். அமெரிக்க நாட்டின் பல மாநிலங்களில் பிணை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உள்ளன. தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குடும்பத்தாரிடம் கூலியாகப் பெற்றுக்கொண்டு அவர்கள் பிணை எழுதுவர். அந்தக் கூலி திரும்பி வராது. நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய தொழிலுக்கு இடமில்லை. எனவே, கோர்ட்டு வாசலில் 'ஐயாயிரம் கொடுங்கள், ஜாமீன்தாரை நான் கொண்டுவருகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் செய்வது சட்டம் அறிந்த தொழிலன்று. மும்பையில் போலி ரேஷன் கார்டும் போலிச் சம்பளச் சீட்டும் காட்டிப் பிணை நின்ற கூட்டங்கள் பிடிபட்டதுண்டு. போலிப் பிணை வெளிப்பட்டால் ஜாமீன் ரத்தாகலாம். அதனை ஏற்பாடு செய்த குடும்பத்தார்மீதே புது வழக்கும் பாயலாம்.

முதல் நாள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' என்னும் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினவே ஒழிய, கைதானவரின் அடிப்படை உரிமைகள் மாறவில்லை.

கைதுக்கான காரணத்தைப் போலீஸார் சொல்ல வேண்டும். அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிறுத்த வேண்டும். இஃது அரசியல் சட்டத்தின் 22-ஆவது விதியிலேயே உள்ளது. விலக்கான சூழ்நிலை தவிர, பெண்களைச் சூரியன் மறைந்தபின், உதயத்துக்கு முன் கைது செய்தலாகாது. ஏழாண்டு வரையில் தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாமல், நேரில் வரும்படி நோட்டீஸ் அனுப்புவதே பொது விதி.

நம்மவர்க்கு மிகவும் பயன்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2025 நவம்பரில், மும்பை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து எழுந்த வழக்கில், கைதின் காரணத்தை எழுத்து மூலமாக, அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மராத்தி எழுத்துப் படிக்க அறியாத ஒருவரிடம் மராத்தித் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதும் என்னும் நிலை இப்போது இல்லை. 'எனக்குத் தமிழ்தான் படிக்க வரும்' என்று பணிவோடும் தெளிவோடும் சொல்ல வேண்டும். புரியாத தாளில் கையெழுத்திடலாகாது.

குடும்பத்தார் அன்று செய்ய வேண்டியவை சில. எந்தப் போலீஸ் நிலையம், எந்தச் சட்டப் பிரிவு, எந்தக் கோர்ட்டு, எத்தனை மணிக்கு என்பவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் எண்ணைக் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையெனில், காவலில் உள்ள எவருக்கும் வருமானத்தைப் பாராமல் இலவச வக்கீல் உதவி தர 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டம் வழி செய்கிறது. 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும், கோர்ட்டில் உள்ள சட்ட உதவி அலுவலகத்தை நாடினாலும் அந்த உதவி கிடைக்கும். இது பிச்சையன்று, உரிமை.

இரு வகைக் குற்றங்கள்

சட்டம் குற்றங்களை ஜாமீனில் விடத்தக்கவை, விடத்தகாதவை என இரு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் ஜாமீன் உரிமை. நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. பிணை தரத் தயாராக இருந்தால் போலீஸ் நிலைய அதிகாரியே விடுவிக்க வேண்டும். பிணை கொடுக்க இயலாத ஏழை எனில், அவர் சொந்த வாக்குறுதிப் பத்திரத்தின் பேரிலேயே விட வேண்டும். கைதான நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கொள்ளலாம் எனச் சட்டமே கூறுகிறது.

இரண்டாம் வகையின் பெயரைக் கேட்டு, 'இனி ஜாமீனே இல்லை' என்று மனமுடைவோர் பலர். அப்படியன்று. இங்கே முடிவு நீதிமன்றத்தின் விருப்புரிமையில் உள்ளது என்பதே பொருள். ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, முன் வழக்குகள் உண்டா, குற்றம் எத்துணைக் கொடியது என்பவற்றை நீதிபதி ஆராய்வார். பெண்கள், நோயுற்றோர், உடல் நலிந்தோர் ஆகியோர்க்குச் சட்டம் தனிக் கருணை காட்டுகிறது. மாஜிஸ்ட்ரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட்டு. அங்கும் மறுத்தால் உயர் நீதிமன்றம். போதைப் பொருள், தீவிரவாதத் தடுப்பு போன்ற தனிச் சட்டங்களில் மட்டும் வழி மிகக் குறுகியது. அங்கே தேர்ந்த வக்கீலின் துணை இன்றியமையாதது.

நாட்கணக்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் போலீஸார் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யாவிடில், கேட்டு விண்ணப்பித்தால் ஜாமீன் உரிமையாகிவிடும். விண்ணப்பிக்கும் முன் குற்றப் பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை நழுவிவிடும். மேலும், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாமலும், வேறு வழக்குகள் நிலுவையில் இல்லாமலும் இருந்தால், உச்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் காவலில் கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும். முன்பு தண்டனையே பெறாதவரானால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பிணை நிற்பவர்

ஜாமீன் உத்தரவாகிறது. 'பதினையாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரமும், அதே தொகைக்கு ஒரு பிணையாளும்' என்பது வழக்கமான வாசகம். நம் குடும்பங்களின் உண்மையான சோதனை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பிணையாள் நேரில் வர வேண்டும். அவருடைய அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்றாக ஆதார், ரேஷன் கார்டு போன்றவையும், வருமானத்துக்குச் சம்பளச் சீட்டோ வியாபாரச் சான்றோ வேண்டும். தொகை பெரிதானால் சொத்துப் பத்திரமோ, தாசில்தார் அலுவலகம் தரும் 'சால்வன்சி' சான்றிதழோ கேட்பர். இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதையும் அவர் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும். தொழில்முறைப் பிணையாட்களைத் தடுக்கவே இந்த விதி வந்தது.

இவற்றைத் தேடிச் சேர்க்கச் சில நாள் பிடிக்கும். அதுவரை உள்ளே இருப்பதைத் தவிர்க்க, தற்காலிகமாக ரொக்கம் கட்டி வெளியே வந்து, சில வாரத்தில் பிணையாளைக் கொண்டுவர அனுமதிக்கும்படி வக்கீல் மூலம் கேட்கலாம். மும்பைக் கோர்ட்டுகளில் இவ்வாறு அனுமதிக்கும் வழக்கம் உண்டு.

பிணை நிற்பவரும் தம் பொறுப்பை அறிந்தே நிற்க வேண்டும். விடுவிக்கப்பட்டவர் வராமற்போனால் பத்திரம் பறிமுதலாகும்; ஏன் தொகையைச் செலுத்தக் கூடாது என்று பிணையாளைக் கேட்பர். செலுத்தாவிட்டால் அபராதத்தைப் போல வசூலிப்பர். வசூலாகாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கும் இடமுண்டு. தொகையில் ஒரு பகுதியைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நம்பிக்கை போய்விட்டால், பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு பிணையாள் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். 'கையெழுத்துத்தானே' என்று நிற்பதும் தவறு. 'நமக்கேன் வம்பு' என்று உண்மையான உறவையும் கைவிடுவதும் தவறு.

வேற்றூரார் என்னும் தடை

பிணைக்கு நிற்க நம்மவர்க்கு ஆள் இல்லையா? இருக்கின்றனர். ஆனால் தாராவியில் இருபது ஆண்டு வாழ்ந்தவர்க்கும் வீட்டுக்குப் பதிவுப் பத்திரம் இருப்பது அரிது. திருநெல்வேலிச் சீமையில் நிலம் இருக்கலாம். பட்டாவோ பாட்டனார் பெயரில் இருக்கும். ஊரிலிருந்து தமையனார் ரயிலேறி வந்து நின்றால், 'உள்ளூர்ப் பிணையாள் வேண்டும்' என்னும் பேச்சு எழுகிறது.

இந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 1978-லேயே கண்டித்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்னும் ஏழைக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும், மாஜிஸ்ட்ரேட் பதினாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். அவர் தமையன் தம்பியரில் ஒருவர் பிணை நிற்க முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுத்துவிட்டார். வழக்கு நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரின் முன் வந்தது. 1915-இல் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த அவர், தமிழரோ மலையாளியோ கன்னடரோ ஆந்திரரோ தொலைதூர வட புலத்தில் கைதானால் அங்கே சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவார் என்று கேட்டார். இத்தகைய மாவட்டப் பற்று நாட்டின் ஒற்றுமையையே குலைக்கும் என்றும் எழுதினார். பிணையாளே இல்லாமல், ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தின் பேரில் அந்தக் கொத்தனாரை விடும்படி உத்தரவிட்டார்.

அடுத்த ஆண்டு, பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றிக் கிடந்தோர் பற்றிய ஹுசைனாரா காதூன் வழக்கில் நீதிபதி பி. என். பகவதி மற்றொரு படி முன்சென்றார். பணத்தைப் பார்ப்பதைவிட, ஒருவர் தாம் வாழும் சமூகத்தில் எவ்வளவு வேர் விட்டிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். எத்தனை ஆண்டு அங்கே வாழ்கிறார், என்ன வேலை செய்கிறார், குடும்பம் உடன் இருக்கிறதா, அவருக்காகச் சொல்லக்கூடிய பொறுப்புள்ள மனிதர் யார் என்பவையே அளவுகோல். 1961-இல் நியூயார்க் நகரில் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் என்னும் முயற்சி இதே அளவுகோலை வைத்துப் பணமில்லா ஏழைகளை வெளியே கொணர்ந்தது. வேர் உள்ளவர் ஓடுவதில்லை என்பதை அந்த அனுபவம் காட்டிற்று.

2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் நாட்டுக் கோர்ட்டுகள் அனைத்துக்கும் வழிகாட்டு விதிகளை வெளியிட்டபோது, விடுதலை தாமதமாவதற்கு உள்ளூர்ப் பிணையாள் கேட்பதே ஒரு காரணம் என்று குறித்து, அந்த நிபந்தனையை விதிக்க வேண்டாம் எனக் கூறியது. ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க இயலாவிடில், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானே ஆராயலாம் என்றும் சொன்னது. பிணை கொடுக்க வகையற்ற ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டத்தையும் வகுத்தது. சில கடும் குற்றங்கள் நீங்கலாக, 40,000 ரூபாய் வரை உதவ அதில் இடமளிக்கப்பட்டது. கையில் பணமில்லை என்று வாளாவிருப்பதைவிட, 'தொகையைக் குறையுங்கள், வெளியூர்ப் பிணையாளை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று மனுச் செய்ய வேண்டும்.

உத்தரவுக்குப் பின்

உத்தரவானதும் கதவு திறந்துவிடுமெனக் கருத வேண்டாம். பிணையை நீதிமன்றம் ஏற்று, விடுதலைத் தாளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஆர்தர் ரோடு சிறை வாயிலில் இத்தாள்களைப் போடுவதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. 2021 அக்டோபரில் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவரின் மைந்தருக்கு உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தும், தாள் மாலை ஐந்தரை மணிக்குள் பெட்டிக்கு வந்து சேராமையால், அவர் மேலும் ஓர் இரவு உள்ளேயே இருக்க நேர்ந்தது. செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத இடத்திலேயே இந்நிலை. ஆதலின், தாள் எங்கே இருக்கிறது என்பதை அன்றே விசாரித்துக்கொண்டிருப்பது குடும்பத்தாரின் கடமை. உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சல் வழியே சிறைக்கு அனுப்ப வேண்டும் என்றும், ஏழு நாட்களில் விடுதலையாகாவிடில் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப்பணி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2023-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

வெளியே வந்தவர் உத்தரவை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வாரந்தோறும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்திட வேண்டுமா? முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டுமா? நகரெல்லையைத் தாண்டலாமா? நம்மவர் இடறி விழுவது இந்த மூன்றாவது கேள்வியில்தான். ஊரில் கோயில் கொடை, தங்கை திருமணம், தகப்பனார் காரியம் என்றால் டிக்கெட் எடுத்துவிடுகிறோம். தடை இருக்கும்போது அனுமதி பெறாமல் போனால், நல்ல காரியத்துக்குப் போனவரும் ஓடிப்போனவராகக் கருதப்படுவார். ஜாமீன் ரத்தாகும், பிணை நின்ற மைத்துனர் தலையில் பாரம் விழும். முன்கூட்டியே ஒரு மனுக் கொடுத்தால் இத்தகைய காரணங்களுக்கு அனுமதி கேட்க வழி உண்டு. தவணைக்கு வராமலிருப்பதே தனிக் குற்றம். ஓராண்டு வரை தண்டனை உண்டு.

வெள்ளம் வருமுன்

நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் உறை இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், மின்கட்டணச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வேலைச் சான்று, பழைய வாக்காளர் அட்டை ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்கட்டும். இவையே வேர்களின் சாட்சிகள். சம்பளச் சீட்டும் நிலையான முகவரியும் உடைய உறவினர் அல்லது நண்பர் இருவரிடம், 'தேவையானால் எங்களுக்கு நிற்பீர்களா?' என்று நல்ல நாளிலேயே கேட்டு வைக்கலாம். அவர்களுக்காக நாமும் நிற்கத் தயாராயிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. மராத்தித் தாளைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர், சட்ட உதவி அலுவலகத்துக்கு உடன் செல்ல ஒருவர், இத்தனை ஆண்டுகளாக இவரை அறிவோம் என்று உண்மையாக எழுதித் தர ஒரு பொறுப்பாளர் இருப்பாராயின், தனித்து நிற்கும் தாய்க்கும் மனைவிக்கும் அது பெருந்துணையாகும். பொய்ச் சான்று ஒன்று எழுதினால் அடுத்து வரும் நூறு மெய்ச் சான்றுகளும் மதிப்பிழக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கிய பிணை ஒரு நாளில் அறுந்துபோகும். அறிந்தவர் அறிந்தவருக்காகக் கூண்டின் அருகே நின்று சொல்லும் சொல்லையே சட்டம் பிணை என்கிறது. ஊரைவிட்டு வந்த நமக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒருவரையொருவர் அன்றி வேறு யாருளர்?